டாங்கி மாடலுக்கு நிஜக் கண்ணாடி போன்ற லென்ஸ் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு. 1981இல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் திரும்பி வந்துவிட்டதால் முதலாவது இப்போது செல்லாது. காலியான அந்த இடத்தில், இந்தப் பக்கத்து மாடலர்களின் அலமாரிகளைப் பார்த்தால், கண்ணாடி இல்லாத ஹெட்லைட்டைச் சேர்த்துவிடலாம். சேறும் துருவும் அற்புதமாக வந்திருக்கும். விளக்கு மட்டும் வெள்ளிப் பெயிண்ட் அடித்த பொத்தானாக முழிக்கும். அதைச் சரிசெய்வது பற்றி வரும் கேள்விகளும் பதில்களும் கீழே. அளவுகள் எல்லாம் 1/35க்கு, அதாவது நிஜத்தைவிட 35 மடங்கு சிறிய மாடலுக்கு. வேறு ஸ்கேல் என்றால் அங்கங்கே சொல்லியிருக்கிறது.

கிட்டிலேயே (பாகங்களாக வரும் மாடல் பெட்டியிலேயே) தெளிவான பிளாஸ்டிக் லென்ஸ் தருகிறார்களே, அதை ஒட்டினால் போதாதா?

ஒட்டலாம். ஆனால் பெரும்பாலும் குறை லென்ஸில் இருக்காது, அதற்குப் பின்னால் இருக்கும். பச்சைப் பிளாஸ்டிக்கின் மேல் எவ்வளவு நல்ல கண்ணாடியை வைத்தாலும் பச்சைப் பிளாஸ்டிக்தான் தெரியும். ஹெட்லைட்டுக்குப் பின்னால் குழிந்த கண்ணாடி போன்ற பளபளப்பு வேண்டும். டாங்கிக்குள் இருந்தபடி வெளியே பார்க்கும் பெரிஸ்கோப்புக்குப் பின்னால் இருட்டு வேண்டும். வெப்பத்தைப் படமாகக் காட்டும் வெப்பப் படக் கருவியின் லென்ஸுக்கு உள்ளே எதுவுமே தெரியக்கூடாது. லென்ஸ் செய்ய உட்காரும் முன் இந்த மூன்றில் எது என்று முடிவு செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கிட் லென்ஸில் இன்னும் இரண்டு தொல்லைகள். ஒன்று தடிமன்: 1 மி.மீ. பிளாஸ்டிக் என்றால் நிஜத்தில் 35 மி.மீ. கண்ணாடி. இன்னொன்று, ஸ்ப்ரூவிலிருந்து (பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டம்) வெட்டிய இடத்துத் தழும்பு. முதலாவதற்குப் பின்புறத்தைத் தேய்த்து மெலிதாக்கலாம்: 1000, 1500, 2000, 3000 என்று உப்புத்தாளைப் படிப்படியாகத் தண்ணீரோடு தேய்த்து, கடைசியில் வெள்ளைப் பற்பசையால் துணியில் மெருகேற்ற வேண்டும். நடுவில் ஒரு எண்ணைத் தாண்டினால் அதன் கீறல் கடைசிவரை போகாது.

லென்ஸின் விட்டம் எவ்வளவு இருக்க வேண்டும்?

வழக்கமான 7 அங்குல சீல்டு பீம் விளக்கு (கண்ணாடியும் ரிஃப்ளெக்டரும் ஒன்றாக மூடி வருவது) 178 மி.மீ. அது 1/35இல் 5.1 மி.மீ., 1/48இல் 3.7, 1/72இல் 2.5. சிறிய 5¾ அங்குல விளக்கு 146 மி.மீ.; 1/35இல் 4.2 மி.மீ. ஆனால் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். கிட்டின் விளக்குக் கூட்டை வெர்னியரால் உள்பக்கமாக அளந்து, அதில் 0.1 மி.மீ. குறைத்துக்கொள்ளுங்கள். பெயிண்ட் அந்த 0.1ஐத் தின்றுவிடும்.

லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் பளபளப்பான கிண்ணத்தை, அதாவது ரிஃப்ளெக்டரை, எப்படிச் செய்வது?

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். முதலில் கூட்டைக் குடைய வேண்டும். நடுவில் 1 மி.மீ. டிரில் பிட்டால் வழித்துளை போட்டு, பிறகு உருண்டைத் தலை பர் கொண்டு கையாலேயே சுற்றிக் கிண்ணமாக்குங்கள். பல் மருத்துவரிடமும் நகை ஆசாரியிடமும் இருப்பது அதே பர்தான். மோட்டாரில் மாட்டினால் பிளாஸ்டிக் உருகிப் பர்ரில் சுற்றிக்கொள்ளும். சுவர் 0.3 மி.மீ. மிஞ்சினால் போதும், அதற்கும் கீழே போனால் விரலில் பிடிக்கும்போதே நசுங்கிவிடும்.

எவ்வளவு ஆழம் என்பது, கிண்ணத்தை ரெசினால் (ஊற்றியபின் உறையும் தெளிவான திரவம்) நிரப்பப் போகிறீர்களா, காற்றை விட்டு மேலே மூடப் போகிறீர்களா என்பதைப் பொறுத்தது. தண்ணீர் நிறைந்த தொட்டியின் தரை மேலேறித் தெரிவது போல, ரெசினுக்குள் இருப்பதும் மேலே தெரியும். ரெசினின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.5, ஆகவே 1.5 மி.மீ. ஆழம் 1 மி.மீ. போலத்தான் கண்ணில் படும். நிரப்புவதாக இருந்தால் ஒன்றரை மடங்கு ஆழமாகக் குடையுங்கள். இதைக் கவனிக்காததால்தான் பலருடைய விளக்குகள் ரெசின் ஊற்றியதும் தட்டையாகிப் போகின்றன.

அடுத்து பளபளப்பு. குரோம் பேனா மை நன்றாக இருக்கும், ஆனால் அது முழுதாக உலர ஒரு நாளுக்கு மேல் விட வேண்டும். அதற்கு முன் ரெசின் பட்டால் சாம்பல் நிறமாகிவிடும். அதைவிட அலுமினியத் தகடே மேல். சமையலறை ஃபாயில் மிக மெல்லியது. அழுத்தும்போது கிழியும், சுருங்கும். பிரியாணி பார்சல் வரும் அலுமினியப் பெட்டியின் அடிப்பாகம் சரியான தடிமன். கழுவி, எண்ணெய்ப் பசை போக ஸ்பிரிட்டால் துடைத்து, சுருக்கமில்லாத இடத்தை வெட்டிக்கொள்ளுங்கள்.

அதைக் குழிப்பதற்குச் சைக்கிள் கடை பால்ரஸ் போதும். 6.35 மி.மீ. குண்டு (கால் அங்குலம்) 5 மி.மீ. வாய்க்கு 1.2 மி.மீ. ஆழக் கிண்ணம் தரும். 4.76 மி.மீ. குண்டு (3/16 அங்குலம்) 4.2 மி.மீ. வாய்க்கு ஏறக்குறைய அதே ஆழம் தரும். தகட்டைத் தோல் துண்டின் மேலோ செருப்பு ரப்பரின் மேலோ வைத்து, குண்டை ஒரு பேனா மூடியில் ஒட்டி, அழுத்தியபடி வட்டமாக ஆட்டுங்கள். ஒரே குத்தாகக் குத்தினால் ஓரம் மடிப்பு மடிப்பாக வரும். பிறகு நுனிக் கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டி உள்ளே இறக்கலாம்.

இதைவிடச் சோம்பேறி வழியும் உண்டு. இருபுறமும் அலுமினியமாக வரும் மாத்திரை அட்டையில், மாத்திரை உட்காரும் குழியே ஒரு கிண்ணம். ஆஸ்பத்திரி ஊரில் மாத்திரை அட்டைக்குப் பஞ்சமில்லை. சிறிய உருண்டை மாத்திரையின் குழி 1/35இன் பெரிய தேடுவிளக்குக்குப் பொருந்தும். ஹெட்லைட்டுக்குப் பெரும்பாலும் பெரிதாகிவிடும்.

பல்பை மறக்க வேண்டாம். தெளிவான ஸ்ப்ரூவை மெழுகுவர்த்திக்குச் சற்று மேலே காட்டி, இளகியதும் 0.5 மி.மீ. இழையாக இழுங்கள். ஆறியதும் அதன் நுனியைச் சூட்டின் பக்கம் கொண்டுபோனால் தானாக உருண்டையாகும். அடியில் ஒரு மி.மீ. விட்டு வெட்டி, கிண்ணத்தின் நடுவில் ஊசித்துளை போட்டுச் செருகுங்கள். காற்று விட்டு மூடும் விளக்கில் இது தெளிவாகத் தெரியும். ரெசின் நிரப்பினால் பல்ப் ஏறக்குறைய காணாமல் போகும், ஏனென்றால் இரண்டும் ஒரே மாதிரி ஒளியை வளைக்கின்றன. அப்போது பல்பை வெள்ளை அல்லது வெளிர்மஞ்சள் பெயிண்ட்டில் தொட்டு எடுத்துச் செருக வேண்டும்.

லென்ஸுக்கு எந்தப் பொருள் நல்லது?

புற ஊதா (யூவி) ஒளி பட்டால் உறையும் யூவி ரெசின் முதலிடம்: தெளிவு, வேகம், கட்டுப்பாடு. இரண்டு குழாயாக வரும் எபாக்ஸியில் தெளிவானது என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். சாதாரண அரால்டைட் தேன் நிறத்தில் உறையும். பழைய வண்டியின் மங்கிய விளக்குக்கு அது தப்பில்லை, புது வண்டிக்கு ஆகாது. ஃபெவிகால் வகை வெள்ளைப் பசை காய்ந்தால் தெளிவாகும், ஆனால் அதில் கணிசமான பங்கு தண்ணீர். தண்ணீர் போனதும் குமிழ்ந்த சொட்டு உள்வாங்கிப் பள்ளமாகும். 1 மி.மீ.க்கும் சிறிய பார்வைத் துளைகளுக்கு அது போதும், ஹெட்லைட்டுக்கு வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது நாள் கணக்கில் பால் போலவே நிற்கும்.

ஆரி வேலைக்கு விற்கும் கல், முத்து இவற்றைப் பலரும் வேலூர் லாங் பஜாரில் அள்ளி வருகிறார்கள். பட்டை தீட்டிய கல் வைரமாக மின்னும், விளக்காகத் தெரியாது. வழுவழுப்பாக அரைக்கோளமாக இருக்கும் தெளிவான கல் கிடைத்தால் மட்டும் எடுங்கள். அதுவும் அளவுக்கு மீறிப் புடைத்திருக்கும். அடியைத் தேய்த்துத் தட்டையாக்கித்தான் பயன்படுத்த வேண்டும்.

யூவி ரெசினில் படிப்படியாக எப்படி?

ஒரு நிஜ ஹெட்லைட் கண்ணாடி லேசாகத்தான் புடைத்திருக்கும். 5 மி.மீ. லென்ஸுக்கு 0.5 மி.மீ. புடைப்பு போதும். அந்த மேட்டுக்குத் தேவையான ரெசின் 0.005 மி.லி. மட்டுமே. புட்டியிலிருந்து விழும் ஒரு சாதாரணச் சொட்டு 0.05 மி.லி., அதாவது பத்து மடங்கு. ஆகவே புட்டியிலிருந்து நேராக விடவே கூடாது. 100 யூனிட் இன்சுலின் சிரிஞ்சில் ஒரு யூனிட் 0.01 மி.லி.; அரை யூனிட் தள்ளினால் கணக்கு சரியாக வரும். சிரிஞ்ச் இல்லையென்றால் பல்குச்சி நுனியில் தொட்டுத் தொட்டு வைக்கலாம்.

கிண்ணத்தை முதலில் நிரப்புங்கள். ரெசினை நடுவில் விடாமல் ஓரமாக, சுவரில் வழியவிட்டு இறக்கினால் காற்று சிக்காது. பாதி நிரம்பியதும் நிறுத்தி, 395 முதல் 405 நானோமீட்டர் யூவி டார்ச்சை 30 விநாடி காட்டுங்கள். மீதியை ஊற்றி மீண்டும் காட்டுங்கள். ஒரு தடவைக்கு 1 மி.மீ. ஆழத்தைத் தாண்ட வேண்டாம். ரெசின் உறையும்போது சூடாகும், சுருங்கும். தடிமனாக ஊற்றினால் இரண்டும் ஒன்றாக வந்து ஓரத்தைச் சுவரிலிருந்து பிய்த்துவிடும்.

விளிம்பு வரை வந்ததும் கடைசி மேடு. கூட்டை நேர் மட்டமாக நிறுத்துங்கள். வண்டியோடு சேர்த்துச் செய்யாமல் விளக்கைத் தனியாகப் பல்குச்சியில் ஒட்டி, அதை ரப்பர் களிமண்ணில் நட்டு வைப்பது சுலபம். சொட்டை நடுவில் வைத்து, ஊசி நுனியால் விளிம்பு வரை இழுத்துச் சேருங்கள். விளிம்பு கூர்மையாக இருந்தால் ரெசின் அங்கேயே நின்று, தானாகப் புடைத்து நிற்கும். விளிம்பில் பெயிண்ட் வழிந்து மழுங்கியிருந்தால் ரெசின் அதைத் தாண்டி வெளியே ஓடிவிடும். ஒரு நிமிடம் அசையாமல் விட்டு, மேடு சமமாக இருக்கிறதா என்று பார்த்து, பிறகு விளக்கைக் காட்டுங்கள்: முதலில் தூரத்திலிருந்து பத்து விநாடி, பிறகு அருகில் ஒரு நிமிடம்.

உறைந்த பிறகும் மேலே பிசுபிசுவென்று ஒட்டுகிறது. ரெசின் கெட்டுப்போனதா?

இல்லை. காற்றிலுள்ள ஆக்ஸிஜன் மேல்தோலை உறைய விடாமல் தடுக்கிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ஒரே திசையில் ஒருமுறை துடைத்து, மீண்டும் ஒரு நிமிடம் யூவி காட்டுங்கள். அழுத்தித் துடைத்தால் மங்கும். மங்கிவிட்டால் மேலே பளபளப்பு வார்னிஷ் ஒரு கோட்டு போதும்.

உள்ளே ஒரு பக்கம் வெள்ளிப் பிறை மாதிரி தெரிகிறதே?

அது சுவரை விட்டு ரெசின் பிரிந்த இடைவெளி. சுவரில் விரல் எண்ணெய் இருந்திருக்கும், அல்லது மொத்தத்தையும் ஒரே தடவையில் ஊற்றியிருப்பீர்கள். சரிசெய்ய முடியாது, தோண்டி எடுத்துவிட்டுத் திரும்பச் செய்யுங்கள். குமிழ் விஷயம் அப்படியல்ல: உறைவதற்கு முன் பார்த்துவிட்டால், ஊசி நுனியைக் குமிழுக்கு அடியில் விட்டு மேலே தூக்கினால் வந்துவிடும்.

வேலூர் வெயிலில் ஏதாவது தனியாகக் கவனிக்க வேண்டுமா?

ஆமாம், நிறையவே. ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தாண்டும் அறையில் ரெசின் தண்ணீராக ஓடும், மேடு நிற்காது. விடிகாலையில் செய்யுங்கள், அல்லது சிரிஞ்சோடு ரெசினைப் பத்து நிமிடம் குளிர்ந்த தண்ணீருக்குப் பக்கத்தில் வையுங்கள் (தண்ணீர் உள்ளே போகக்கூடாது). மார்கழியில் நேர் எதிர்: கெட்டியாகிக் குமிழைப் பிடித்துக்கொள்ளும். அப்போது புட்டியை வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் நிறுத்தலாம். எபாக்ஸியும் வெயிலில் அவசரப்படும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் உறையும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஐந்து நிமிடம் என்று போட்டிருப்பதை மூன்றாகவே நினைத்துக்கொண்டு குறைவாகக் கலக்குங்கள்.

ஜன்னல் வெளிச்சமே யூவி ரெசினை உறையவைத்துவிடும். மேசையில் சாய்ந்து விழும் காலை வெயிலில் சிரிஞ்ச் முனை ஐந்தே நிமிடத்தில் அடைத்துக்கொள்ளும். புட்டியைக் கறுப்புத் துணியில் சுற்றி அலமாரியில் வையுங்கள். டார்ச் இல்லாதவர்களுக்கு இதே வெயில்தான் டார்ச். உச்சிவெயிலில் மொட்டை மாடியில் இரண்டு மூன்று நிமிடம் போதும். ஆனால் தூசு படியாமல் மேலே ஒரு தெளிவான டப்பாவைக் கவிழ்த்து வைக்க வேண்டும். கண்ணாடி டம்ளரைவிட மெல்லிய பிளாஸ்டிக் டப்பா நல்லது.

ரெசினே வேண்டாம் என்றால்?

பஞ்ச் போதும். இந்த விஷயத்தில் வட ஆர்க்காட்டுக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள்: ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை எங்கும் தோல் வேலை நடப்பதால், தோலில் துளை போடும் பஞ்ச் அரை மி.மீ. இடைவெளியில் எல்லா அளவிலும் கிடைக்கும். சுழலும் தலை வைத்த பிளையர் வகையில் பொதுவாக 2 முதல் 4.5 மி.மீ. வரை ஆறு குழாய்கள் இருக்கும். 5 மி.மீ.க்குச் சுத்தியால் அடிக்கும் தனி பஞ்ச் வாங்குங்கள். வாய் வெளிப்பக்கம் சரிந்து, உள்பக்கம் நேராக இருக்க வேண்டும். உள்பக்கம் சரிந்திருந்தால் நமக்கு வேண்டிய வட்டத்தின் ஓரம் நசுங்கும்.

தகடு 0.25 முதல் 0.4 மி.மீ. வரை. மாத்திரை அட்டையின் தெளிவான பக்கம், பேட்டரி பாக்கெட்டின் முகப்பு, இவற்றைவிட மெல்லிய ஓஎச்பி ஷீட் (புரொஜெக்டரில் வைக்கும் தெளிவான தாள்) எல்லாம் சுத்தமாக வெட்டுப்படும். பாலிஸ்டைரீனும் அக்ரிலிக்கும் ஓரத்தில் வெளுக்கும், விரியும். அடியில் கடினமான மரத்தின் குறுக்குவெட்டு முகத்தை வையுங்கள். ஒரே அடி, இரண்டாவது அடி கிடையாது. தகட்டின் இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டி வெட்டினால் கீறல் விழாது. வெட்டிய வட்டம் இயல்பாகவே லேசாக வளைந்து வரும், அந்த வளைவை வெளிப்பக்கமாக வையுங்கள்.

இன்னும் புடைப்பு வேண்டுமானால் பிவிசி மாத்திரை அட்டையைக் கொதிக்கும் தண்ணீரில் பத்து விநாடி பிடித்து, வெளியே எடுத்த உடனே ரப்பரின் மேல் வைத்துப் பால்ரஸ் குண்டால் அழுத்துங்கள். இளகியிருப்பது இரண்டு மூன்று விநாடிதான். பிறகு மேட்டை நடுவில் வைத்துப் பஞ்ச் பண்ணுங்கள். கூல்டிரிங்ஸ் பாட்டில் இதற்கு உதவாது: அதன் சுவர் இழுத்து ஊதியது, சூடு பட்டதும் சுருண்டுவிடும், அதிகம் சூடானால் வெளுத்துவிடும்.

நிஜ விளக்குக் கண்ணாடியில் வரி வரியாக இருக்கிறதே, அதைக் கொண்டுவர முடியுமா?

முடியும், செலவும் இல்லை. மோட்டார் காயில் கட்டும் கடையில் 32 கேஜ் செம்புக் கம்பி ஒரு மீட்டர் வாங்குங்கள். அதன் தடிமன் 0.27 மி.மீ. ஒரு தட்டையான பித்தளைத் துண்டில் இடைவெளியே இல்லாமல் நெருக்கிச் சுற்றுங்கள். 5 மி.மீ. லென்ஸில் பதினெட்டு வரிகள் விழும், அது கண்ணுக்குச் சரியாக இருக்கிறது. 1/48க்கு 36 கேஜ் (0.19 மி.மீ.).

சுற்றிய கம்பியின் மேல் தேங்காய் எண்ணெய் தொட்டு, முழுதும் துடைத்துவிடுங்கள். அதன் மேல் மிகச் சிறிய யூவி ரெசின் சொட்டு, அதற்கு மேல் ஓஎச்பி ஷீட் துண்டு. விரலால் அழுத்தியபடி (கையுறையோடு) யூவி காட்டுங்கள். உரித்து எடுத்தால் ஷீட்டின் ஒரு பக்கம் வரியாக இருக்கும். வரிகள் செங்குத்தாக நிற்கும்படி பஞ்ச் பண்ணுங்கள்.

வரிப் பக்கம் உள்ளே, வழுவழுப்புப் பக்கம் வெளியே. நிஜ விளக்கிலும் அப்படித்தான், இல்லாவிட்டால் வரிகளில் சேறு அடைத்துக்கொள்ளுமே. ஒரு நிபந்தனை: இந்த லென்ஸுக்குப் பின்னால் காற்று இருந்தாக வேண்டும். ரெசின் நிரப்பிய கிண்ணத்தின் மேல் ரெசினாலேயே ஒட்டினால் வரிகள் ஒரு நொடியில் மறைந்துவிடும்; ஒரே பொருள், ஒரே ஒளிவிலகல், வரி எங்கே தெரியும்?

பெரிஸ்கோப்புக்கு நீலப் பெயிண்ட் அடித்து மேலே வார்னிஷ் அடித்தால்?

தூரத்திலிருந்து பார்க்க ஓடும். கிட்டப் போனால் நீலப் பெயிண்ட் என்று தெரியும். கண்ணாடியின் முன்புறத்தில் வைத்த நிறம் எப்போதும் தட்டையாகத்தான் இருக்கும். பின்புறத்தில் வைத்தால் மட்டுமே ஆழம் வரும்.

1 மி.மீ. தெளிவான அக்ரிலிக் ஷீட்டிலிருந்து கிட் பெரிஸ்கோப்பின் அகல உயரத்துக்கு ஒரு பட்டை வெட்டுங்கள். பின்புறக் கீழ்விளிம்பை 45 டிகிரியில் சாய்த்துத் தேய்த்து மெருகேற்றுங்கள். முகப்பைத் தவிர எல்லாப் பக்கமும் பளபளப்புக் கறுப்பு. கறுப்பு ஆறு பங்குக்கு நீலம் ஒன்று, பச்சை ஒன்று கலந்தால், தடித்த கண்ணாடிக்கே உரிய பாசி நிறம் சாய்வில் மட்டும் லேசாகத் தட்டும். முகப்புக்கு எதுவும் வேண்டாம். மூடியில் பெரிஸ்கோப்பைத் திடமாக வார்த்திருந்தால், கத்தியால் முகத்தை 0.5 மி.மீ. குடைந்து, குடைந்த தரையில் அதே கறுப்பைப் பூசி, மேலே ரெசின் நிரப்புவதுதான் வழி.

அசல் கண்ணாடியையே பயன்படுத்தினால்?

பெரிஸ்கோப்புக்கு முடியும். மைக்ரோஸ்கோப்பில் ஸ்லைடை மூடும் கவர் ஸ்லிப் 0.13 முதல் 0.17 மி.மீ. தடிமன், லேப் சாமான் கடைகளில் பெட்டியாகக் கிடைக்கும். வைர நுனிப் பேனாவால் ஒரே கோடு, அழுத்தாமல். பிறகு கோட்டை ஒரு கம்பியின் மேல் வைத்து இருபுறமும் மெல்ல அழுத்தினால் உடையும். பத்துக்கு நான்கு வீணாகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாஸ்கிங் டேப்பின் மேல் ஒட்டி உடைத்தால் சில்லு பறக்காது. கண்ணாடிக்குத்தான் பிளாஸ்டிக்குக்கு வராத கூர்மையான பளிச் உண்டு. கீறல் விழாததால் கடைசியில் பெயிண்ட் பட்டாலும் பிளேடால் சுரண்டிவிடலாம். வட்ட லென்ஸுக்கு இந்த வழி வேண்டாம், தலைவலி.

சோவியத் டாங்கிகளான டி-55, டி-72இன் விளக்குகள் படங்களில் கறுப்பாகத் தெரிகின்றனவே, அது பெயிண்ட்டா?

அகச்சிவப்பு வடிகட்டி. கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்து அகச்சிவப்பை மட்டும் விடும் கண்ணாடி, ஆகவே வெளியிலிருந்து கறுப்பு. நேர் வெயிலில் அடியாழத்தில் கருஞ்சிவப்பு. பீரங்கிக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய லூனா விளக்கும் அதே வகைதான். ரெசினில் கறுப்பு மையைக் கலக்க வேண்டாம், கறுப்பு யூவியையும் தடுக்கும், உள்ளே உறையவே உறையாது. தரையில் பளபளப்புக் கறுப்பு, அதன் மேல் தெளிவான சிவப்பு ஒரு மெல்லிய கோட்டு, கடைசியில் நிறமில்லாத ரெசின் மேடு. ரிஃப்ளெக்டர் தேவையில்லை.

ஆனால் வண்டியின் எல்லா விளக்கும் அகச்சிவப்பு அல்ல. பல சோவியத் டாங்கிகளில் முன்புறம் ஒன்று சாதாரண வெள்ளை விளக்கு, மறைப்பு மூடியோடு. எந்தப் பக்கம் எது என்பதை நீங்கள் செய்யும் வண்டியின் படத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இன்னொரு வழக்கமான தப்பு: ரஷ்ய டி-90இன் கோபுரத்தில் எரியும் இரட்டைச் சிவப்புக் கண்கள் அதன் இந்திய வடிவமான பீஷ்மாவில் கிடையாது. கிட்டில் வந்தால் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள்.

நவீன டாங்கிகளின் பார்வைக் கருவிக்கு ஊதா, ஆரஞ்சு மினுக்கு எப்படி?

அது ஒளி திரும்பி அடிப்பதைக் குறைக்கும் பூச்சு. 1935இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் கண்டுபிடித்தது. இன்று ஏறக்குறைய எல்லாக் கேமரா லென்ஸிலும் உண்டு. பகல் பார்வைக் கருவிக்கு ஊதாவோ பச்சையோ, லேசர் தடுப்புப் பூச்சுள்ள சில மேற்கத்திய பெரிஸ்கோப்புகளுக்குச் செம்பு ஆரஞ்சு. பின்புறம் கறுப்பு அடித்த லென்ஸின் முகப்பில், நிறம் மாறும் நெயில் பாலிஷைத் தின்னரில் ஐந்து மடங்கு நீர்க்கவைத்து ஒரே ஒரு கோட்டு. சாய்த்துப் பார்த்தால் மட்டும் நிறம் வர வேண்டும். நேராகப் பார்க்கும்போதே ஊதாவாக இருந்தால் அதிகமாகிவிட்டது. கார் கண்ணாடிக்கு ஒட்டும் நிறம் மாறும் ஃபிலிமின் வெட்டுத் துண்டும் நன்றாக வேலை செய்யும். பழைய சிடி வேண்டவே வேண்டாம்: அது வானவில்லைக் காட்டும், எந்தக் கருவியும் வானவில்லைக் காட்டாது.

ஹெட்லைட்டுக்கு இந்தப் பூச்சு கிடையாது. 1960களின் ஆவடி விஜயந்தா டாங்கியின் ஹெட்லைட்டை ஊதாவாக மினுக்க வைப்பது மிகை.

வெப்பப் படக் கருவியின் ஜெர்மானியம் லென்ஸ் இன்னொரு ஜாதி. கண்ணுக்குத் தெரியும் ஒளி அதனுள் போகாது. உலோகம் போல முகத்திலேயே திருப்பி அடிக்கும். தெளிவான ரெசின் இங்கே முழுத் தப்பு. பளபளப்புக் கறுப்பு அடித்து, உலர்ந்ததும் 2பி பென்சில் கரித்தூளை விரல்நுனியால் தேய்த்தால் அந்தச் சாம்பல் கறுப்பு வந்துவிடும். பல வண்டிகளில் இந்த ஜன்னலுக்குக் கவசக் கதவு உண்டு. மூடியே வைத்துவிட்டாலும் ஒருவரும் குறை சொல்ல முடியாது.

பின் விளக்குச் சிவப்பு?

அடியில் வெள்ளி, மேலே தெளிவான சிவப்பு இரண்டு கோட்டு, அதற்கு மேல் ஒரு சிறு ரெசின் மேடு. ஒளிபுகாச் சிவப்பு அடித்தால் குங்குமப் பொட்டு மாதிரி இருக்கும்.

லென்ஸை எந்தக் கட்டத்தில் பொருத்துவது? எதனால் ஒட்டுவது?

எல்லாப் பெயிண்ட், சேறு, மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் வேலையும் முடிந்த பிறகு. மேட் வார்னிஷ் ஒரு மூச்சு பட்டாலும் லென்ஸ் பனி படர்ந்த மாதிரி ஆகிவிடும். முன்னமே ஒட்டித் தொலைத்திருந்தால், உலர்ந்தபின் பறிக்கக்கூடிய மாஸ்கிங் திரவத்தால் மூடுங்கள்.

ஃபெவிக்விக் வேண்டாம். அதன் ஆவி காற்றின் ஈரத்தோடு சேர்ந்து லென்ஸ் உள்பக்கம் வெள்ளையாகப் பூக்கும். மூடிய கிண்ணத்துக்குள் பூத்தால் துடைக்கவும் வழியில்லை. கிட் ஒட்டும் திரவப் பசை தெளிவான பாலிஸ்டைரீனை விரியவைக்கும். விளிம்பில் பல்குச்சியால் ஃபெவிகால் வட்டமாக ஒரு கோடு, அவ்வளவுதான். வழிந்தால் ஈரப் பஞ்சால் துடைக்கலாம். லென்ஸைத் தூக்க ட்வீசர் வேண்டாம், பறந்து போனால் மொசைக் தரையில் தேடவே முடியாது. பல்குச்சி நுனியில் மெழுகு தொட்டு அதில் ஒட்டித் தூக்குங்கள்.

உள்ளே எல்இடி வைத்து எரியவிடலாமா?

0603 என்ற அளவில் வரும் மிகச் சிறிய எஸ்எம்டி எல்இடி 1.6 × 0.8 மி.மீ.; 1/35 கிண்ணத்தில் உட்காரும். வெதுவெதுப்பான வெள்ளை நிறம் எடுங்கள், பழைய வண்டிக்கு நீலம் பாரித்த வெள்ளை ஒட்டாது. 5 வோல்ட் போன் சார்ஜரிலிருந்து எடுத்தால் 470 ஓம் ரெசிஸ்டர், ஏறக்குறைய 4 மில்லி ஆம்பியர் ஓடும், அந்த வெளிச்சமே தாராளம். அலுமினிய ரிஃப்ளெக்டரில் இரண்டு கம்பியும் உரசினால் ஷார்ட் ஆகும். துளைக்குள் ஒரு துளி நெயில் பாலிஷ் விட்டுக் கம்பியை இறக்குங்கள்.

லென்ஸ் மட்டும் புத்தம் புதிதாக மின்னுகிறது. தூசு போடலாமா?

போட வேண்டும், ஆனால் இடம் பார்த்து. பிக்மென்ட் தூளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கலந்து லென்ஸ் ஓரத்தில் மட்டும் விடுங்கள். கீழ் வளைவில் கொஞ்சம் அதிகம். உலர்ந்ததும் ஈரப் பஞ்சு நுனியால் நடுவைத் துடைத்து எடுங்கள். பெரிஸ்கோப்பை டிரைவர் தினமும் துணியால் துடைப்பார், மூலைகளில் மட்டும் தூசு தங்கும். ஹெட்லைட்டை அந்த அளவுக்கு யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

உடம்புக்கு ஆபத்து ஏதும் உண்டா? மிச்ச ரெசினை என்ன செய்வது?

உறையாத ரெசின் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வாமை வரும்; ஒருமுறை வந்துவிட்டால் பிறகு ஒவ்வொரு தடவையும் வரும். நைட்ரைல் கையுறை போடுங்கள், பட்டால் முதலில் சோப்பு. ஆல்கஹாலால் துடைத்தால் இன்னும் உள்ளே இறங்கும். யூவி டார்ச்சை நேராகப் பார்க்க வேண்டாம், அலுமினியக் கிண்ணம் அதைக் கண்ணுக்கே திருப்பியும் அடிக்கும். மஞ்சள் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கவர் ஸ்லிப் உடைக்கும்போதும் அதே கண்ணாடி. இன்சுலின் ஊசியை மூடியோடு தடித்த டப்பாவில் போட்டு மூடுங்கள், குப்பை அள்ளுபவர் கையில் குத்தக்கூடாது. மிச்ச ரெசினையும் துடைத்த பஞ்சையும் சிங்க்கில் கொட்டாமல் மொட்டை மாடி வெயிலில் ஒரு பகல் வைத்து, கல்லாக உறைந்தபின் குப்பையில் சேருங்கள்.